ஜனவரிக்குத் தள்ளிவைத்த நெஞ்சுவலி

இந்தக் கடிதத்தை உன் பெயர் இல்லாமல் தொடங்குகிறேன், மகனே. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ என்னிடம் கேட்டுக்கொண்டது அதுதான். உன் உடம்பைப் பற்றி எங்கும் எழுத்தில் இருக்கக் கூடாது, மின்னஞ்சலில்கூட வேண்டாம் என்றாய். நான் படித்த கான்வென்ட்டில் கையெழுத்து வகுப்பு எடுத்த மதர், ஓர் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கினால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதவைப்பார். எழுதப்பட்டதுதான் நடந்தது, எழுதப்படாதது வெறும் பேச்சு என்ற எண்ணம் அன்றிலிருந்து எனக்கு உண்டு. நீ இப்போது வாழும் ஊரில், எழுதாதவரை நோய் வரவில்லை என்று வைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. அதனால் உனக்கும் எனக்கும் பொதுவாக ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தேன். எல்லோரும் படிக்கும் இடத்தில், பெயர் போடாமல் எழுதுகிறேன். விருதுநகரில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது மகன் அமெரிக்காவில் இருக்கிறான். இது யாருடைய மகன் என்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. உனக்குத் தெரிந்தால் போதும்.

எழுதத் தூண்டியது ஒரு கனவு. வற்றல் மிளகாய் காயவைக்கும் களத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. உன் ஊரில் நான் பார்த்த அதே பனி. மேலே யாரோ உட்கார்ந்து பஞ்சைப் பிய்த்துப் போடுவதுபோலச் சத்தமே இல்லாமல் இறங்கியது. சிவப்புக் குவியல்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. வியாபாரிகள் யாரும் பதறவில்லை, சாக்கு எடுத்து மூடவும் இல்லை. களத்தின் நடுவில் ஒரு மாடிப்படி மட்டும் நின்றது. அது போய்ச் சேர வீடு இல்லை. அதில் பாதி ஏறி நீ நின்றிருந்தாய், தோளில் குழந்தையின் சைக்கிள். "ஏன் நின்னுட்ட?" என்று கேட்டேன். "பனி விடட்டும்மா" என்றாய். விழித்துப் பார்த்தால் மின்சாரம் போய் விசிறி நின்றிருந்தது. நான் கனவுக்குப் பலன் பார்க்கிறவள் அல்ல. உன் அத்தைமார் பார்த்தபோது கேலி செய்திருக்கிறேன். ஆனால் இந்தக் கனவில் புதிதாக என்ன இருந்தது? நீ சொன்னதைத்தான் அது எனக்குப் படமாகக் காட்டியது.

அன்றைக்கு நீ பேசத் தொடங்கியதுமே உன் மூச்சு எனக்குக் கேட்டது. "என்னப்பா, இப்பிடி மூச்சு வாங்குது?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. பாப்பா சைக்கிள மாடிக்குத் தூக்கிட்டு வந்தேன். மூணாவது மாடி வர்றதுக்குள்ள நெஞ்சுல ஒரு பிடி பிடிக்கும். நின்னா சரியாயிரும்."

"எம்புட்டு நாளா?"

"கோடையிலருந்து இருக்கு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

நீ சிரித்தாய். சின்ன வயதில் வீட்டுப்பாடம் முடிக்காமல் என் முன்னால் நிற்கும்போது சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. "ஜனவரி வரட்டும்மா. அப்பத்தான் புதுக் கம்பெனி இன்சூரன்ஸ் ஆரம்பிக்கும். இப்பப் போயி காமிச்சா டாக்டர் எழுதிருவாரு. எழுதிட்டா அது பழைய நோய்."

"பழைய நோயா? ஒனக்கு இது புதுசுதானப்பா?"

"எனக்குப் புதுசும்மா. அவங்களுக்குப் பழசு."

வாழ்நாள் முழுவதும் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த வாக்கியத்தை எந்த மொழியில் போட்டுப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை. பிறகு நீ பொறுமையாக விளக்கினாய். இந்த வருடம் உன்னையும் உன்னோடு ஒரு தளம் முழுவதையும் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. வேலையோடு சேர்ந்து காப்பீடும் போனது. பழைய காப்பீட்டைத் தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் நீயே கட்ட வேண்டும். நீ உன் மனைவிக்கும் குழந்தைக்கும் கட்டினாய், உனக்குக் கட்டவில்லை. இப்போது கிடைத்திருக்கிற புது வேலையில் ஜனவரியில்தான் காப்பீடு. இடையில் பல மாதம் இடைவெளி விழுந்துவிட்டதால், சேருவதற்கு முன்பு ஒரு மருத்துவர் பார்த்து எழுதிய நோய்க்கு ஓராண்டு வரை ஒன்றும் தர மாட்டார்கள். ஆகவே மருத்துவரைப் பார்க்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். நீ கணக்கில் கெட்டிக்காரன். உன் கணக்கில் தவறு எதுவும் இல்லை. ஒரு நாட்டின் சட்டத்தைக் கணக்காகப் போட்டு, விடை "வலித்தாலும் போகாதே" என்று வந்தால், அந்த விடைக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன்.

உன் ஊரை எனக்குத் தெரியாது என்று நீ சொல்ல முடியாது. பாப்பா நடக்கப் பழகிய வருடம் நான் அங்கே வந்திருந்தேன். வெயில் நாள் ஒன்றில், நூலகத்துக்கு வெளியே, அவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே எனக்குக் கண் இருட்டியது. யாரோ ஒரு பெண் வண்டியைப் பிடித்துக்கொண்டாள், யாரோ ஒருவர் தன் சட்டையை மடித்து என் தலைக்கு வைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு நடந்ததெல்லாம் தண்ணீருக்குள் இருந்து பார்த்ததுபோல நினைவிருக்கிறது. வெள்ளைக் கூரை நகர்ந்தது, விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கடந்து போயின, ஒரு செவிலி வந்து என் மேல் போர்வை போர்த்தினாள். அந்தப் போர்வை சூடாக இருந்தது, மகனே. அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த துணி மாதிரி. நோயாளிக்குப் போர்த்த வேண்டிய போர்வையைச் சூடு செய்து வைக்க வேண்டும் என்று ஒரு நாட்டில் யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த நாட்டை நான் எப்படிக் குறை சொல்வேன்? அந்தச் சூட்டில் நான் என் அம்மாவைக்கூட நினைத்துக்கொண்டேன். அப்போது இன்னொரு பெண், சக்கரம் வைத்த கணினியைத் தள்ளிக்கொண்டு கட்டில் அருகே வந்தாள். அவளும் அன்பாகத்தான் கேட்டாள். பெயர், பிறந்த நாள், காப்பீடு. போர்வையைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு பதில் சொன்னேன்.

வெயிலும் இரத்த அழுத்தமும்தான் காரணம் என்று சொல்லி மறுநாள் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உறைகள் வரத் தொடங்கின. ஆம்புலன்ஸுக்கு ஓர் உறை, மருத்துவமனைக்கு ஓர் உறை, என் தலையைப் படம் எடுத்ததற்கு ஒன்று, அந்தப் படத்தை எங்கோ உட்கார்ந்து பார்த்த, நான் முகம் பார்த்தறியாத மருத்துவருக்கு ஒன்று. பயணத்துக்கு நீ எடுத்திருந்த காப்பீடு, என் இரத்த அழுத்தம் பழைய நோய் என்று கைகழுவியது. நீ மாலைதோறும் சமையலறையில் தொலைபேசியை மேசையில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பாய். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பிறகு இசை. முடிவே இல்லாத, மழைச்சாரல் மாதிரியான ஒரு பியானோ. பாப்பா அந்த இசைக்கு ஆடக் கற்றுக்கொண்டாள். நினைவிருக்கிறதா? இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் அவள் மெல்லச் சுழல்வாள். மறுமுனையில் ஆள் வந்து இசை நின்றதும் உதட்டைப் பிதுக்குவாள். என் அமெரிக்க நாட்களை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அந்த ஆட்டம்தான்.

கடைசியில் ஒரு நாள் நீ வெற்றியோடு வந்து, மருத்துவமனை பாதிக்கு மேல் குறைத்துக்கொண்டது என்றாய். எனக்கு மகிழ்ச்சியாக இல்லை, கோபம் வந்தது. பாதியில் முடியும் என்றால் முழுத் தொகையை எழுதியவன் யார்? நம் ஊர் மருந்துக்கடையில்கூட மாத்திரை அட்டையில் விலை அச்சடித்திருக்கிறது, இங்கே ஏன் ஒரு விலைப்பலகை இல்லை என்று கேட்டேன். "விலைன்னு ஒண்ணு கெடையாதும்மா. ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் ஆஸ்பத்திரியும் தனித்தனியாப் பேசி வச்சிருப்பாங்க. அது வெளிய தெரியாது" என்றாய். அப்போது எனக்கு நம் பக்கத்து மாட்டுச் சந்தை ஞாபகம் வந்தது. உன் தாத்தா என்னை ஒருமுறை அழைத்துப் போயிருக்கிறார். விற்கிறவரும் வாங்குகிறவரும் கைகளைத் துண்டுக்குள் மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது. பக்கத்திலேயே மாடு நின்றுகொண்டிருக்கும், தலையை ஆட்டிக்கொண்டு. துண்டுக்குள் நடப்பது முழுக்க அதைப் பற்றித்தான், ஆனால் அதற்குத் தன் விலை தெரியாது. நீ அன்று விழுந்து விழுந்து சிரித்தாய். "அம்மா, நீங்க மாடுன்னா நான் யாரு?" என்றாய். "கயித்தப் பிடிச்சிட்டு நிக்கிறவன்" என்றேன். இப்போது கயிறு உன் கழுத்தில் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் வீட்டருகே இருந்த பெரிய கடையில், வாசலில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லிச் சாமான் போடும் வண்டி எடுத்துக் கொடுக்கும் பெரியவரை மறந்திருக்க மாட்டாய். தலை முழுக்க வெள்ளை, முழங்கால் வீங்கியிருக்கும். தினமும் நடக்கப் போகும்போது என்னோடு இரண்டு வார்த்தை பேசுவார். இந்த வயதில் ஏன் நிற்கிறீர்கள், பிள்ளைகள் இல்லையா என்று நம் ஊர்க்காரி கேட்கிற கேள்வியைக் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. தனக்கு வயதாகிவிட்டதால் வைத்தியச் செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது, மனைவிக்கு அந்த வயது வர இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அவளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு, இந்தக் கடை வேலையோடு அவளுக்கும் காப்பீடு வருகிறது, அவளுக்கு அறுபத்தைந்து நிறையட்டும், அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்துவிடுவேன் என்றார். மனைவிக்குச் சீக்கிரம் வயதாக வேண்டும் என்று ஆசைப்படும் கணவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கதவு தானாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் குளிர்ந்த காற்று எங்கள் இருவர் மேலும் வந்து மோதியது.

வேலைக்கும் வைத்தியத்துக்கும் யார் முடிச்சுப் போட்டது என்று உன்னைக் கேட்டேன். நீ தேடிப் படித்துவந்து சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. பெரிய போர் நடந்த காலத்தில், கூலியை ஏற்றக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. ஆள் கிடைக்காத முதலாளிகள் கூலிக்குப் பதிலாக வைத்தியச் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். அதற்கு வரியும் இல்லை என்று ஆனது. போர் முடிந்தது, ஏற்பாடு மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைப் பிரிக்காமல், அதற்கடியிலேயே குடும்பம் நடத்திப் பேரப்பிள்ளை எடுத்ததுபோல. பந்தலுக்குள் இருப்பவர்களுக்கு நிழல் நன்றாகத்தான் இருக்கிறது. வேலை போனவன் வெயிலுக்கு வந்துவிடுகிறான், வேலையை விட்டுச் சொந்தமாக ஏதாவது செய்ய நினைப்பவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உனக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கம்பெனி தொடங்க ஆசை இருந்தது. பாப்பா பிறந்ததோடு அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டாமல் மாடிக்கு ஏற முடியாது. அரசு ஆஸ்பத்திரியில் பணம் வேண்டாம், ஆனால் கட்டிலுக்கடியில் படுக்க மனம் வேண்டும். இப்போது அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்குக் காப்பீட்டு அட்டை கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பட்டாசு ஆலையில் ரோலில், அதாவது நிரந்தரப் பதிவேட்டில், பெயர் இருக்கிறவர்களுக்குத் தொழிலாளர் ஆஸ்பத்திரி அட்டை உண்டு. அதே ஷெட்டில் காண்ட்ராக்டில் உட்கார்ந்து அதே வேலை செய்கிறவளுக்குக் கிடையாது. ஆக உன் ஊரிலும் என் ஊரிலும், நோய் வருவதற்கு முதலில் ஒரு நல்ல வேலை வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துக்கென்றே ஒரு பழக்கம் உண்டு, அதை நீ மறந்துவிட்டாயோ என்று பயமாக இருக்கிறது. ஆடியில் பட்டாசு சீசன் சூடு பிடித்தால் தீபாவளிவரை யாருக்கும் உடம்புக்கு வராது. வரும், ஆனால் வந்ததாக யாரும் வைத்துக்கொள்வதில்லை. இருமல், கட்டி, பல்வலி, கர்ப்பப்பைக் கோளாறு, கண் மங்கல், எல்லாவற்றையும் முடிந்து ஓரமாக வைத்துவிட்டு, "தீபாவளி கழியட்டும்" என்பார்கள். அதற்குள் போனஸ் கைக்கு வரும், ஆலை மூடும், ஆள் குறைகிறது என்று ஃபோர்மேன் முகம் சுளிக்க மாட்டார். நாம் கிறிஸ்தவர்கள், தீபாவளி நமக்குப் பண்டிகைகூட இல்லை. இருந்தும் எம். புதுப்பட்டியில் குடியிருந்த காலத்தில் நம் வீட்டுக் காலண்டரும் அந்த ஒரு நாளைச் சுற்றித்தான் திரும்பியது. உன் அப்பா பட்டாசு ஆலை மேனேஜர். மாலையில் சோதனைக்காக வாணம் விடுவார்கள். பண்டிகை எதுவும் இல்லாத வெறும் செவ்வாய்க்கிழமையில் வானத்தில் பச்சையும் ஊதாவும் பூக்கும், நீ மொட்டை மாடியில் அண்ணாந்து நின்றுகொண்டே சோறு சாப்பிடுவாய். கீழே ஆலை பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்குவார்கள். அலுமினியத் தூள் படிந்து முகமெல்லாம் வெள்ளியாக, அந்தி வெளிச்சத்தில் பேசிக்கொண்டே போவார்கள். நிலாவிலிருந்து வேலைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் என்று நீ நினைத்திருந்ததாகப் பிறகு ஒருநாள் சொன்னாய்.

அந்த வருடம் ஆவணியிலேயே அப்பா மார்பைத் தடவத் தொடங்கினார். வாயு என்றார். நான் மதுரைக்குப் போவோம் என்றேன். "சீசன்ல மேனேஜர் படுத்துக்கிட்டா லோடு யாரு ஏத்துவா? வடக்க ஆர்டர் நிக்குது. தீபாவளி கழியட்டும், நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வாரேன்." உன்னைப் பார்த்து, "ஏலே, அம்மாட்ட சொல்லு, அப்பா இரும்புன்னு" என்று கண்ணைச் சிமிட்டினார். நீ கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாய். நீயும் சிரித்தாய். அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை என்று நான் கோயிலில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

சொன்ன சொல் தவறவில்லை. தீபாவளி கழிந்து ஆலைக் கதவு பூட்டிய மறுநாள் காலை, நான் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டையை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார். மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்த வராந்தா இன்னும் என் கண்ணுக்குள் நீண்டுகொண்டே போகிறது. நம் பக்கம் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தது. சாத்தூர்க்காரர்கள், சிவகாசிக்காரர்கள், புதுப்பட்டிக்காரர்கள். நகக்கண்ணில் மஞ்சளும் சிவப்பும், கழுத்து மடிப்பில் கழுவியும் போகாத வெள்ளி. ஆடியில் வந்த இருமலும் புரட்டாசியில் வந்த கட்டியும் அன்று ஒரே நாளில் பஸ் பிடித்து வந்திருந்தன. புதுச்சேலை கட்டியிருந்தார்கள், பலகாரப் பை வைத்திருந்தார்கள். பலருக்கு அப்பாவைத் தெரியும். "மேனேஜரய்யா, நீங்களுமா?" என்று எழுந்து இடம் விட்டார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் சார் இவ்வளவு நாள்?" என்றார். "ஆர்டர் இருந்துச்சு டாக்டர்" என்றார் அப்பா, அது ஒரு நியாயமான பதில் என்பதுபோல. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பக்கத்துக்காரங்க எல்லாருக்கும் தீபாவளிக்கு மறுநாள்தான் நோய் வருது" என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் பாடல்கள் தொடங்குவதற்கு முன்பே அப்பாவை அடக்கம் செய்தோம். ஆவணியில் வந்திருந்தால் என்ற வாக்கியத்தை டாக்டர் தொடங்கினார். முடிக்க வேண்டாம் என்று நான் கையைக் காட்டிவிட்டேன். இன்றுவரை அதை நான் முடித்துக் கேட்டதில்லை.

இப்போது மாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பின்பக்க அறையில் குடியிருக்கும் மாரியம்மாள், சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையில் புஸ்வாணம் அடைக்கிறாள். காண்ட்ராக்டில்தான், அட்டை கிடையாது. ஆடியிலிருந்து இருமுகிறாள். மதில் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். நான் திட்டாத நாள் இல்லை. போன திங்கட்கிழமை பொழுது சாயும்போது, வெள்ளிப் புருவத்தோடு வாசலில் வந்து, "டீச்சரம்மா, இருக்கீகளா? தண்ணி மோட்டாரு போடலாமா?" என்று கேட்டாள். முதல் நாள்தான் நீ பேசியிருந்தாய். எனக்குள் அது வெந்துகொண்டிருந்தது. "மோட்டார் இருக்கட்டும், நீ எப்ப டாக்டரப் பாக்கப்போற?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"தீபாவளி கழியட்டும் டீச்சரம்மா. இப்பப் போனா காண்ட்ராக்டரு வேற ஆளப் போட்ருவாரு."

"எல்லாரும் இதையே சொல்லுங்க. அமெரிக்காவுல இருந்துக்கிட்டு என் மகன் ஜனவரி வரட்டுங்கான். நீ தீபாவளி கழியட்டுங்குற." சொன்ன பிறகுதான், யாரிடமும் சொல்லாததை இவளிடம் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். விவரம் கேட்டாள். முடிந்தவரை சொன்னேன். நெஞ்சுவலி, இன்சூரன்ஸ், எழுதினால் பழைய நோய்.

"அங்கனயும் சீசன் உண்டா டீச்சரம்மா?"

கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "அம்புட்டுப் படிச்ச தம்பியே தள்ளிப் போடுறாக. என்னைய மட்டும் இந்த வெரட்டு வெரட்டுதீக. மொதல்ல ஒங்க மகன காட்டச் சொல்லுங்க. தம்பி போனாகன்னு ஒரு வார்த்த சொன்னீகன்னா, நான் அன்னைக்கே ஒங்க கூட வாரேன். ஆத்தா மேல சத்தியம்." சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தமும் அவள் இருமலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. நான் விளக்குப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உன் மைத்துனர் ஒரு யோசனை சொன்னதாகச் சொன்னாய். ஊருக்கு வந்து பார்த்துக்கொண்டு போய்விடு, அங்கே யாருக்கும் தெரியாது, கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று. வருவது சரி, நாளைக்கே வா. இல்லை என்று சொல்வது இந்த வீட்டில் கிடையாது. அங்கேயே பார்த்தாலும் இங்கே வந்து பார்த்தாலும், கேட்டால் ஆமாம், இந்த நாளில் எனக்கு வலித்தது, இன்ன மருத்துவர் பார்த்தார் என்று நிமிர்ந்து சொல். ஓராண்டு தர மாட்டோம் என்பார்கள். சொல்லட்டும். அந்த ஓராண்டை என் பொறுப்பில் விடு. எம். புதுப்பட்டி சாலையில் அப்பா வாங்கிய மனை இருக்கிறது. ஆலைக்கு எதிரே, அவர் ஓய்வு பெற்றபின் வீடு கட்டி வேப்பமரம் வைக்கப் போவதாகச் சொன்ன இடம். அதை விற்று உன் வைத்தியத்துக்குக் கட்டுவேன். ஊரில் என் செலவுக்கு உன்னிடமிருந்து நான் இதுவரை ஒரு காசு வாங்கியதில்லை. அது என் திமிர். என்னிடமிருந்து வாங்கமாட்டேன் என்று நீ சொல்லக் கூடாது; அந்தத் திமிருக்கு உனக்கு இன்னும் வயது வரவில்லை.

பழைய நோய் என்று காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று உங்கள் ஊரில் சட்டம் கொண்டுவரப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று செய்தித்தாளில் படிக்கிறேன். ஆதரித்தும் எதிர்த்தும் பெரிய கூட்டங்கள் நடக்கின்றனவாம். வந்தால் நல்லது. அந்தக் கடை வாசல் பெரியவருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் சட்டசபைகளுக்கு ஒரு சீசன் உண்டு, காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு ஒரு சீசன் உண்டு, சிவகாசிக்கு ஒன்று உண்டு. மூன்றாவது மாடிக்கு ஏறும் நெஞ்சுக்கு மட்டும் காலண்டர் பார்க்கத் தெரியாது. உன் அப்பாவுக்கு இருந்த அதே அகலமான மார்புதான் உனக்கும். பிறந்ததும் உன்னைக் கையில் வாங்கிய செவிலி அதைத்தான் முதலில் சொன்னாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூப்பிடும் நேரத்துக்கு மாரியை வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் அன்று விடுமுறை. முகம் கழுவி, புருவத்தில் வெள்ளி இல்லாமல், தொலைபேசிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பாள். பஜாரில் நம் டாக்டர் ஞாயிறு காலையிலும் பார்க்கிறார், விசாரித்துவிட்டேன். எனக்கு எப்படி இருக்கிறது என்று நீ கேட்டு நேரத்தை வீணாக்காதே. நான் நன்றாக இருக்கிறேன். தொலைபேசியை அவளிடம்தான் கொடுப்பேன். அதற்குள் நீ போய்ப் பார்த்துவந்த மருத்துவர் என்ன சொன்னார் என்று அவளிடம் சொல். நீ சொல்லி முடிக்கும்போது நாங்கள் இருவரும் செருப்பைப் போட்டிருப்போம்.